வர்க்க வேறுபாடும் ஏழைகளுக்கான உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறுமை, மானியம், உதவித்தொகை என்று பேச்சு எழுந்தால் சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு, எரிச்சலோடு கேட்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு தன் ஏழைகளுக்குத் தருவது அவர்களுக்கு உரியது. அதைக் கையேந்திப் பெறும் தர்மமாக மாற்றும்போதெல்லாம், யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களே வரிசையிலிருந்து விலகிவிடுகிறார்கள்.

வர்க்கம் என்றால் வருமானம்தானே?

வருமானம் அதில் ஒரு பகுதி. ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பெற்றோர் கட்டிவைத்த வீடு இருக்கிறது. மற்றவர் வாடகை வீட்டில் இருக்கிறார், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது, குடும்பத்தின் பழைய கடனுக்கு வட்டியும் கட்டுகிறார். வேலை போனால் முதலாமவர் ஆறு மாதம் பொறுத்திருந்து நல்ல வேலையாகத் தேடிக்கொள்வார். இரண்டாமவர் மறுநாள் காலையே கிடைத்த வேலைக்குப் போயாக வேண்டும். சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருவரும் சமம்.

நிலமும் ஆலையும் யார் கையில் இருக்கின்றன என்பதை வைத்து வர்க்கத்தைப் பார்த்தார் கார்ல் மார்க்ஸ். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதோடு சமூக மதிப்பையும் அதிகாரத்தையும் சேர்த்தார். பேச்சு, ரசனை, யாரிடம் எப்படி நடந்துகொள்வது என்ற நெளிவுசுளிவு, எந்த அலுவலகத்தில் எவரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்ற தெளிவு இவையெல்லாம் சொத்துப் போலவே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன என்று காட்டினார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு. நேர்முகத் தேர்வில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்வதும் இன்னொருவர் நாற்காலி நுனியில் உட்கார்வதும் திறமையால் மட்டும் வரும் வித்தியாசம் இல்லை.

இது உடம்புவரை இறங்குகிறது. லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். ஆய்வுக்கு உட்பட்ட ஆண்கள் எல்லோருக்கும் நிலையான வேலை இருந்தது, யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை, மருத்துவமும் பொதுவானது. அப்படியும் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. மேலிருந்து கீழே ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் குறைந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

வறுமைக் கோட்டை எப்படிப் போடுகிறார்கள்?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, உயிர்வாழ்வதற்கு வேண்டிய குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிட்டு அதற்குக் கீழே இருப்பவர்களை ஏழைகள் என்பது. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக்கான கோட்டை நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. இது சந்தைப் பரிமாற்ற விகிதத்தில் போட்ட கணக்கு அல்ல, அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்ப வாங்கும் சக்தியைச் சமன்செய்து போட்ட கணக்கு.

இரண்டாவது ஒப்பீட்டுக் கோடு. நாட்டு மக்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்கள் வறுமை அபாயத்தில் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் கொள்கிறது. மூன்றாவது, பணத்தைப் பார்க்காமல் இல்லாமையைப் பார்ப்பது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் 2010இல் கொண்டுவந்த பல்பரிமாண வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்றின் கீழ் 10 அளவுகோல்களை வைத்தது. குழந்தை பள்ளிக்குப் போகிறதா, குடிக்கும் தண்ணீர் நல்லதா, கழிப்பறை உண்டா, எதை எரித்துச் சமைக்கிறார்கள் என்று போகும் அந்தக் கேள்விகள். எடை போட்டுப் பார்த்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாமை இருந்தால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம்.

எந்தக் கோடாக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இருப்பவர் வசதியானவர் அல்ல. ஒரு அறுவை சிகிச்சை, ஒரு வெள்ளம், ஒரு வேலையிழப்பு போதும், கீழே வந்துவிடுவார்.

சாப்பாடும் துணியும் இருப்பவரை ஏழை என்று சொல்லலாமா?

சொல்லலாம். இந்தக் கேள்விக்கு ஆதம் ஸ்மித் 1776இலேயே பதில் எழுதிவிட்டார். சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று கொண்டாடப்படுபவர் அவர். லினன் சட்டை உயிர்வாழத் தேவையான பொருள் இல்லை, ஆனால் தன் காலத்தில் ஒரு கூலித்தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவார், ஆகவே அதுவும் அத்தியாவசியம்தான் என்பது அவர் வாதம்.

இன்று அந்தச் சட்டையின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்க, பள்ளி அனுப்பும் செய்தியைப் படிக்க, மருத்துவரிடம் நேரம் வாங்க, உதவித்தொகைக்கே பதிவு செய்ய அது வேண்டும். “ஏழை என்கிறார், கையில் போன் இருக்கிறதே” என்று சொல்பவர்கள், அது இல்லாமல் தாங்கள் ஒரு வாரம் எப்படி நாளைத் தள்ளுவார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஒன்றா?

இல்லை. எல்லோரும் ஒரேயளவு ஏழையாக இருக்கும் ஊரில் ஏற்றத்தாழ்வு இருக்காது. கடும் வறுமை குறைந்துகொண்டே வரும் நாட்டில் இடைவெளி கூடிக்கொண்டே போகலாம், கடந்த நாற்பதாண்டுச் சீனாவில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. ஏற்றத்தாழ்வை அளக்க ஜினி குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். 0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் எல்லாமே ஒருவர் கையில். தென்னாப்பிரிக்காவின் அளவு 0.63 அளவில் இருந்திருக்கிறது, உலகிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று.

கஷ்டப்பட்டு உழைத்தால் யாரும் முன்னுக்கு வரலாமே?

சிலர் வருகிறார்கள். அவர்களைத்தான் மேடையேற்றிப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு நாட்டைப் பற்றிக் கேட்க வேண்டியது, சராசரிப் பிள்ளைக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை. பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மிகக் கீழே உள்ள பத்து விழுக்காட்டில் பிறந்த குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட, அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரியாக நான்கைந்து தலைமுறை ஆகும். டென்மார்க்கில் இரண்டு தலைமுறை. கொலம்பியாவில் பதினொன்று. டென்மார்க்காரர்கள் கொலம்பியர்களைவிட ஐந்து மடங்கு உழைப்பாளிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளி, மருத்துவம், வேலையிழந்தால் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இவைதான் அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

இன்னொன்றும் உண்டு. இல்லாமை மூளையின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. கரும்புக்குப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத மாதங்கள், பின்னால் கொஞ்சம் மூச்சுவிடும் மாதங்கள். அதே விவசாயிகளுக்கு இரண்டு காலத்திலும் ஒரே வகையான அறிவுத்திறன் சோதனைகளை வைத்தார்கள். அறுவடைக்கு முன்னால் மதிப்பெண் குறைந்தது, பின்னால் கூடியது. ஆள் அதே ஆள். நாளைக்கு வட்டிக்காரருக்கு என்ன சொல்வது என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும் தலையில் வேறு எதற்கும் இடம் குறைவு. “ஏழைகள் தவறான முடிவெடுக்கிறார்கள்” என்று பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் தர்மசிந்தனை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? அரசு ஏன் வர வேண்டும்?

கொடுப்பவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். பசித்தவருக்கு இன்றைக்கே சோறு போடுபவர்கள் அவர்கள்தான். ஆனால் தர்மத்துக்கு ஒரு இயல்பு உண்டு: கொடுப்பவருக்கு மனமும் வசதியும் இருக்கும்போதுதான் அது வரும். ஊரே நொடித்துப்போகும் காலத்தில் கேட்பவர் பெருகுவார், கொடுப்பவர் குறைவார்.

இங்கிலாந்து 1601இலேயே ஊர்தோறும் வரி வசூலித்து ஏழைகளைப் பராமரிக்கச் சட்டம் போட்டது. 1834இல் அதைத் திருத்தினார்கள். உடல் வலு உள்ளவருக்கு உதவி வேண்டுமென்றால், உள்ளேயே தங்கவைத்து வேலை வாங்கும் பணியில்லத்துக்குள் போக வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். வெளியில் மிகக் கீழான நிலையில் இருக்கும் தொழிலாளியின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவரின் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கையாக எழுதப்பட்டது. ஏழை நிவாரணம் வாங்கியவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் போனது, அந்தத் தடை 1918இல்தான் நீங்கியது. உதவி வாங்கினால் நீ குடிமகனே இல்லை என்று ஒரு நாடு தன் சட்டத்தில் எழுதிவைத்திருந்தது.

மாற்று வழி ஜெர்மனியில் தொடங்கியது. அந்நாட்டு அரசின் தலைவராக இருந்த பிஸ்மார்க் 1883இல் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமைக்கும் உடல் இயலாமைக்கும் ஓய்வூதியம் என்று கொண்டுவந்தார். சோஷலிஸ்ட் கட்சியின் வளர்ச்சியைத் தடுக்கத்தான் அவர் இதைச் செய்தார், அன்பினால் அல்ல. ஆனாலும் தொழிலாளி தன் பங்கைச் செலுத்தினார், கேட்கும் உரிமை பெற்றார். பிரிட்டனில் 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை இல்லாமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் நாடே சேர்ந்து எதிர்கொள்ள வேண்டிய அரக்கர்களாகப் பெயரிட்டது. தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. பணக்காரரும் ஏழையும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

உதவி ஏழைகளுக்கு மட்டும் போக வேண்டுமா, எல்லோருக்குமா?

முழு விவாதத்தின் முடிச்சே இங்கேதான். ஏழைகளுக்கு மட்டும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. இருக்கிற பணத்தை இல்லாதவருக்கே கொடுப்போம், வசதியுள்ளவருக்கு எதற்கு? ஆனால் ஏழை யார் என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் வேண்டும், படிவத்தைச் சரிபார்க்க ஓர் அலுவலர் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 100 குடும்பங்களில் 30 குடும்பம் ஏழை என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பவர் மிகவும் திறமையானவர், பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லிவிடுவார். அப்படியும் 3 ஏழைக் குடும்பங்கள் பட்டியலில் விடுபடும், ஏழை அல்லாத 7 குடும்பங்கள் உள்ளே வந்துவிடும். செய்தியாவது அந்த ஏழு. மச்சுவீட்டுக்காரருக்கு மானியமா என்று எல்லோரும் கொதிப்பார்கள். விடுபட்ட மூன்று குடும்பத்தின் பெயர் யாருக்கும் தெரியாது, பட்டியலில் இல்லாததுதான் அவர்கள் பிரச்சினையே. கொதிப்பு கூடக்கூட விதிகளை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மூன்று ஐந்தாகும், எட்டாகும்.

இந்தியாவில் நடந்தது இதுதான். 1997இல் பொது விநியோகத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தார்கள். பட்டியலில் இருக்க வேண்டியவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியே நின்றதை ஆய்வாளர்கள் அடுத்தடுத்துப் பதிவு செய்தார்கள். தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் என்ற கொள்கையைத் தொடர்ந்தது. பிறகு 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புறத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள்வரை வலையை விரித்தது. வறுமைக் கோட்டை மட்டும் நம்பினால் சரிவராது என்பதை ஒப்புக்கொண்டதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அரசியல் காரணம் ஒன்றும் உண்டு. வால்டர் கோர்ப்பி, யோவாகிம் பால்மே என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998இல் பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழைகளை மட்டும் குறிவைத்த நாடுகளைவிட எல்லோரையும் சேர்த்துக்கொண்ட நாடுகளே வறுமையை அதிகம் குறைத்திருந்தன. நடுத்தர வர்க்கத்தின் பிள்ளையும் அதே பள்ளியில் படித்தால், அதே மருத்துவமனைக்குப் போனால், அங்கே கூரை ஒழுகும்போது குரல் எழும்பும். அந்த வர்க்கம் விலகிக்கொண்டால் நிதியும் மெல்ல விலகிவிடும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் தர முடியாது என்பது உண்மைதான். அப்போதும் ஏழைமையை நிரூபிக்கச் சொல்லாத வழிகள் இருக்கின்றன. வயதை மட்டும் பார்த்துத் தரும் முதியோர் ஓய்வூதியம் ஒன்று. இந்தியா 2005இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னொன்று: கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை, கேட்டு வருபவருக்குக் கொடுக்க வேண்டும் என்றது அது. வெயிலில் மண் வெட்ட வருபவரிடம் வருமானச் சான்று எதற்கு? ஊராரே கூடி யார் ஏழை என்று வரிசைப்படுத்துவது மூன்றாவது வழி. இந்தோனேசியாவில் 640 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். குடும்பங்களின் செலவை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் அதிகாரிகளின் கணக்குமுறை சற்றுத் துல்லியமாக இருந்தது. ஊரார் போட்ட பட்டியலை மக்கள் அதிகம் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் செலவுக் கணக்கில் தெரியாத கஷ்டங்களையும் ஊரார் கணக்கில் எடுத்திருந்தார்கள்.

பணமாகத் தருவது நல்லதா, பொருளாகவா?

இடத்தைப் பொறுத்தது. கடை பக்கத்தில் இருக்கிறது, விலை ஏறாமல் இருக்கிறது என்றால் பணம் நல்லது. தனக்கு எது முதலில் வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். விலைவாசி தாறுமாறாக ஏறும் காலத்தில், சந்தை தொலைவாக இருக்கும் இடத்தில் பொருளே பாதுகாப்பு. 100க்கு வாங்கியது 150 ஆனாலும் அரிசி மூட்டையின் எடை குறையாது.

பணம் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உதவிப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை, சில இடங்களில் குறைந்தே இருந்தது.

யார் கையில் போகிறது என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியத்தை ஆராய்ந்த எஸ்தர் டுஃப்லோ, அது பாட்டியின் கைக்குப் போன வீடுகளில் பேத்திகளின் உடல்நலம் தேறியிருந்ததைக் கண்டார். ஆண்கள் வாங்கிய வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை.

இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறியாகிவிட மாட்டார்களா?

அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு பணஉதவித் திட்டச் சோதனைகளை மறுபடி ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை.

ஆனால் திட்டத்தை மோசமாக வகுத்தால் உழைப்பவருக்கு அது பொறியாகிவிடும், இதையும் சொல்லியாக வேண்டும். மாத வருமானம் 1,000க்குள் இருந்தால் 300 உதவி, ஒன்று கூடினாலும் உதவி ரத்து என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சம்பாதிப்பவர் கையில் 1,300 இருக்கும். கூடுதல் நேரம் வேலை செய்து 1,100 சம்பாதித்தால் கையில் 1,100 மட்டும்தான். அதிகம் உழைத்ததற்குத் தண்டனை 200. இந்த நிலையில் ஒருவர் கூடுதல் வேலையை வேண்டாம் என்றால் அவரைச் சோம்பேறி என்பது அநியாயம், அவருக்குக் கணக்குத் தெரியும் என்றுதான் அர்த்தம். திருத்தவும் எளிது: வருமானம் 10 கூடினால் உதவி 3 மட்டும் குறையட்டும். அப்போது ஒவ்வொரு கூடுதல் மணிநேர உழைப்புக்கும் கையில் ஏதாவது மிஞ்சும்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று நிபந்தனை வைப்பது சரியா?

மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டமும் பிரேசில் 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியாவும் இப்படித்தான் நடந்தன. பள்ளி வருகை, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஈடாகப் பெரும்பாலும் தாயின் பெயரில் பணம் போனது. பள்ளிச் சேர்க்கை கூடியது. நான் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்வேன். பள்ளியே இல்லாத இடத்தில், மருத்துவர் வராத சுகாதார நிலையத்தில், நிபந்தனையை மீறுவது அரசுதான். அதற்குக் குடும்பத்தின் பணத்தை நிறுத்தக் கூடாது.

ஏமாற்றி வாங்குபவர்களை என்ன செய்வது?

தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் வேகத்தில் இரண்டு பணக்கார நாடுகள் என்ன செய்தன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2015க்குப் பிறகு உதவித்தொகை பெற்றவர்களின் கணக்கைக் கணினியே சரிபார்க்கத் தொடங்கியது. மக்கள் அதற்கு ரோபோடெட் என்று பெயர் வைத்தார்கள். வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, ஆண்டின் 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்து 26,000 சம்பாதித்தார், இரண்டாம் பாதியில் வேலை இல்லை, அப்போது உதவித்தொகை வாங்கினார், வருமானம் இல்லை என்று உண்மையாகவே எழுதிக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் கணக்கில் அவர் ஆண்டு முழுக்க இரண்டு வாரத்துக்கு 1,000 வீதம் சம்பாதித்தவர், ஆகவே பொய் சொன்னவர். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும். நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டை எங்கே போய்த் தேடுவார்? லட்சக்கணக்கானோருக்கு இப்படிக் கடிதம் போனது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. சட்டவிரோதம் என்று அரசே 2019இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2023இல் வந்தது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பல்லாயிரம் பெற்றோரை மோசடிக்காரர்களாக முத்திரை குத்தி முழுத்தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதுகூடக் குற்றமானது. வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள்மீது கூடுதல் சந்தேகம் விழுந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. வீட்டை இழந்தவர்களுக்கும் குடும்பம் உடைந்தவர்களுக்கும் அது ஈடாகாது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்?

வரியிலிருந்துதான். வரியை ஏழைகளும் கட்டுகிறார்கள். சோப்பு வாங்கினாலும் விற்பனை வரி உண்டு, வருமானத்தில் பங்காகப் பார்த்தால் அவர்களுக்கே சுமை அதிகம். மானியம் என்றாலே ஏழைக்குப் போவது என்ற நினைப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். வளரும் நாடுகளின் எரிபொருள் மானியத்தைச் சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2012இல் அலசினார்கள். மேல்தட்டு 20 விழுக்காட்டினருக்குப் போனது, அடித்தட்டு 20 விழுக்காட்டினருக்குப் போனதைப் போல ஆறு மடங்கு. கார் வைத்திருப்பவர்தானே அதிகம் எரிக்கிறார்.

மனம் இருந்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2021இல் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை உயர்த்தி, வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் தந்தார்கள். குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. அந்த ஏற்பாட்டை நீட்டிக்காமல் விட்டார்கள், மறுஆண்டே 12.4 விழுக்காடு. குழந்தைகளோ பெற்றோரோ அந்த ஓராண்டில் மாறிவிடவில்லை. நாடாளுமன்றத்தின் முடிவு மாறியது.

எல்லோருக்கும் அடிப்படை வருமானம் கொடுத்துவிட்டால்?

யோசனை நல்லது, தொகைதான் சிக்கல். அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயில் சேர்த்த நிதியிலிருந்து 1982 முதல் குடியிருப்பவர்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் பங்கு தருகிறது, ஆனால் அதை வைத்து வாழ முடியாது. ஃபின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்தது. வேலைக்குப் போவது குறையவில்லை, சற்றே கூடியது. மன அழுத்தம் குறைந்தது. பள்ளியையும் மருத்துவமனையையும் மூடிவிட்டு அதற்குப் பதிலாகப் பணம் என்றால் நான் எதிர்ப்பேன். அவற்றோடு சேர்த்து என்றால் வரவேற்பேன்.

உதவி நின்றதும் பழைய நிலைக்கே போய்விடுவார்களா?

சோற்றுக்கு மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் அப்படித்தான். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் வேறு மாதிரி தொடங்கியது. பரம ஏழைக் குடும்பத்துக்கு மாடோ ஆடோ போன்ற ஒரு சொத்து, அதை வளர்க்கப் பயிற்சி, பால் கறக்கும்வரை விற்றுவிடாமல் இருக்கச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், சேமிப்புக் கணக்கு, வீடு தேடி வந்து விசாரிக்கும் ஒருவர். இதே முறையை ஆறு நாடுகளில் சோதித்த முடிவு 2015இல் வந்தது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் செலவும் சொத்தும் முன்னைவிட மேலாகவே இருந்தன.

எனக்குத் தகுதி இருக்கிறது, ஆனாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

வாய்மொழியாக “உங்களுக்குக் கிடையாது” என்று சொன்னதோடு திரும்பி வராதீர்கள். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், கேட்டதையும் கேட்ட தேதியையும் நீங்களே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பெரும்பாலான திட்டங்களில் மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து அதை எண்ணுவார்கள். ஆகவே உறையைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள். பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பது, பழைய முகவரி, முடங்கிப்போன வங்கிக் கணக்கு இந்த மூன்றையும் முதலில் பாருங்கள், மறுப்புகளில் பல இப்படிச் சில்லறைக் காரணத்தால்தான் வருகின்றன. கூடவே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். வசதியுள்ள வாசகர் யாராவது நான் என்ன செய்யட்டும் என்று கேட்டால், அந்த ஒருவராக ஒரு முற்பகல் போய் நில்லுங்கள் என்பேன். இரண்டு பேராக வரும்போது கவுண்டரில் பேச்சின் தொனி மாறும், காகிதமும் மேஜையில் நகரும்.